வலிக்காத பல்லை எடுக்க வேண்டுமா?

அயல்நாட்டுப் படிப்புக்கு இடம் கிடைத்து, விசாவும் கைக்கு வந்து, விமான டிக்கெட்டும் வாங்கியாகிவிட்ட பிறகு, புறப்படுவதற்குச் சில வாரங்களே எஞ்சியிருக்கும் அந்தப் பரபரப்பான நாட்களில், நம் நகரத்துக் குடும்பங்கள் செய்து முடிக்க வேண்டிய காரியங்களின் ஜாபிதாவில் இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. பிள்ளையையோ பெண்ணையோ பல் வைத்தியரிடம் அழைத்துப் போய், தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே எடுத்து, கடைவாயின் கோடியில் முளைத்தும் முளைக்காமலும் இருக்கும் ஞானப் பற்கள் நான்கையும் ஊருக்குப் போகுமுன்பே பிடுங்கிவிடுவது என்பதே அது. அந்தத் தேசங்களில், முக்கியமாக அமெரிக்காவில், பல் வைத்தியத்துக்கு ஆகும் செலவு மிக அதிகம்; மாணவர்களின் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் பல்லைச் சேர்த்துக்கொள்வதில்லை; பரீட்சைச் சமயத்தில் தாடை வீங்கினால் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொடுக்கக்கூட அருகில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். ஆகவே வலி வருவதற்கு முன் பல்லையே அகற்றிவிடுவது விவேகம் என்று பெற்றோர் எண்ணுவது இயல்பானதே; அவர்களுடைய கவலையை நான் லேசாகக் கருதவில்லை. ஆனால் அந்தக் கவலையிலிருந்து பிறக்கும் தீர்மானம் எல்லா வாய்களுக்கும், ஒரே வாயிலுள்ள நான்கு பற்களுக்கும், ஒரே விதமாகப் பொருந்துமா என்ற கேள்வியை யாராவது நின்று கேட்டாக வேண்டும். பொருந்தாது என்பது என் அபிப்பிராயம்.

இந்தப் பல்லின் உபாதை புதிதன்று. மனிதருக்குக் கடைசியாக முளைக்கும் கடைவாய்ப் பல் 20 வயதை ஒட்டி வருகிறதென்றும், 80 வயதைக் கடந்த ஸ்திரீகளுக்குக்கூட மிகுந்த வலியுடன் அது முளைத்த சம்பவங்கள் உண்டென்றும் கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் பிராணிகளைப் பற்றிய தம் நூலில் எழுதி வைத்திருக்கிறார். நாகரிகம் முதிர்ந்த மக்களிடையே இந்தப் பல் வரவரத் தேய்ந்து வருவதாகத் தோன்றுகிறது என்று 1871ல் வெளிவந்த தம் புத்தகத்தில் சார்லஸ் டார்வின் குறிப்பிட்டார். சமைத்து மென்மையாக்கிய உணவையே பால்யத்திலிருந்து உண்டு வளரும் நமக்கு, கடினமான உணவை மென்று வளர்ந்த ஆதி மனிதருக்கு வளர்ந்த அளவு தாடை நீள்வதில்லை; பற்களின் எண்ணிக்கையோ குறையவில்லை. அதனால் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் வந்து சேரும் கடைசிப் பல்லுக்கு இடம் போதாமல், எலும்புக்குள்ளேயோ ஈறுக்கடியிலோ அது சிக்கிக்கொள்கிறது. உலக ஜனத்தொகையில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இப்படி ஒரு பல்லாவது சிக்கியிருக்கிறதென்றும், ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஞானப் பற்களில் ஒன்றாவது உருவாவதே இல்லையென்றும் பல தேசத்து ஆராய்ச்சிகளைத் தொகுத்தவர்கள் சொல்கிறார்கள். தேய்ந்துவரும் அவயவந்தானே, இருந்தென்ன போயென்ன என்று இதிலிருந்து சிலர் தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள். அவயவத்தின் பூர்வ சரித்திரம் ஒன்று; ஒரு குறிப்பிட்ட பையனின் கீழ்த்தாடையில் இன்று ஆரோக்கியமாக நிற்கும் பல்லை ஆயுதத்தால் அகற்றலாமா என்பது வேறொன்று. முன்னதைக் கொண்டு பின்னதைத் தீர்மானிக்க இயலாது.

வருமுன் பிடுங்கும் வழக்கம் வேரூன்றிப் பரவிய தேசம் அமெரிக்கா. அங்கே உயர்நிலைப் பள்ளியின் இறுதி வகுப்புகளில் இருக்கும்போதோ, கல்லூரிக்குப் போகுமுன் வரும் கோடை விடுமுறையிலோ, மயக்க மருந்து கொடுத்து நான்கு பற்களையும் ஒரே தடவையில் எடுத்துவிடுவது ஏறக்குறைய ஒரு குடும்பச் சடங்காகவே ஆகிவிட்டது. பல் வைத்தியரும் பொதுச் சுகாதார அறிஞருமான ஜே ஃப்ரீட்மன், அமெரிக்கப் பொதுச் சுகாதார சஞ்சிகையில் 2007ல் எழுதிய கட்டுரையில், வருஷந்தோறும் சுமார் 50 லட்சம் பேரிடமிருந்து ஒரு கோடி ஞானப் பற்கள் எடுக்கப்படுகின்றன, அதற்கு 300 கோடி டாலருக்கு மேல் செலவாகிறது, அவற்றுள் மூன்றில் இரண்டு பங்காவது அநாவசியமானவை, 11,000 பேருக்கு மேல் உதட்டிலோ நாக்கிலோ கன்னத்திலோ நிரந்தர மரத்துப்போதல் உண்டாகிறது என்று கணக்கிட்டார். அடுத்த ஆண்டே அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கம் இந்த வழக்கத்தை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. தாடைச் சஸ்திர சிகிச்சை நிபுணர்கள் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. விவாதம் இன்றளவும் ஓயவில்லை. இதனிடையே வேறொரு தீங்கும் வெளிப்பட்டது. பல் எடுத்த வலிக்கென்று அங்கே இளைஞர்களுக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட அபின் இன மாத்திரைகள், அவர்களில் சிலரை மாதக்கணக்கில் அந்த மாத்திரையையே தொடர்ந்து நாடச் செய்தன என்று 2018ல் வெளிவந்த ஆராய்ச்சிகள் காட்டின. நம் ஊரில் பாரசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் போதுமென்று எழுதும் வைத்தியர்களே அதிகம் என்பது ஆறுதலான விஷயம்.

பிரிட்டன் இதற்கு நேர்மாறான மார்க்கத்தைப் பற்றியது. அரசாங்க மருத்துவச் சேவையில் எந்தச் சிகிச்சைக்குப் பணம் செலவிடலாம் என்று ஆராய்ந்து சொல்வதற்காக 1999ல் அமைந்த ‘நைஸ்’ என்னும் நிறுவனம், 2000 மார்ச் மாதத்தில் தன் மதிப்பீட்டு வரிசையின் முதல் எண்ணாக வெளியிட்டதே ஞானப் பல்லைப் பற்றிய வழிகாட்டிதான். நோய் ஏதுமில்லாத, சிக்கிக்கொண்ட ஞானப் பல்லை முன்கூட்டியே எடுப்பது நிறுத்தப்பட வேண்டும் என்று அது ஐயமின்றிக் கூறியது. அடைக்க முடியாத சொத்தை, சீழ்க்கட்டி, பல்லைச் சூழ்ந்த நீர்க்கட்டி, பக்கத்துப் பல்லின் வேரை அரித்தல் போன்ற நோய்கள் கண்டால் எடுக்கலாம். முளைக்கும் பல்லின் மேல் ஈறு வீங்கி வலிப்பது முதல் தடவையாக இருந்தால், மிகக் கடுமையாக இருந்தாலொழிய, அது காரணமாகாது. இரண்டாம் தடவை வந்தால் எடுப்பது நியாயம். இவ்வளவு தெளிவாக ஒரு வரையறை வேறெந்தத் தேசத்திலும் அவ்வளவு பெரிய அளவில் அமலுக்கு வந்ததாகத் தெரியவில்லை. அதனாலேயே, அதன் பிறகு அங்கே நடந்தது நமக்குப் பெரிய படிப்பினை.

முதலில் சஸ்திர சிகிச்சைகளின் எண்ணிக்கை குறையத்தான் செய்தது. ஆனால் சில ஆண்டுகளில் அது மறுபடியும் ஏறத் தொடங்கி, பத்தாண்டு முடிவதற்குள் பழைய அளவை ஏறக்குறைய எட்டிவிட்டது. பல் எடுத்துக்கொள்பவர்களின் சராசரி வயதோ 25ஐ ஒட்டி இருந்தது, 30ஐத் தாண்டிவிட்டது. முன்பெல்லாம் பல் சிக்கியிருக்கிறது என்பதே எடுப்பதற்குக் காரணமாக எழுதப்பட்டது. இப்போது சொத்தை என்று எழுதப்பட்டது. அந்தச் சொத்தையும் பல வாய்களில் ஞானப் பல்லோடு நிற்கவில்லை. அதற்கு முன்னால் நிற்கும் இரண்டாம் கடைவாய்ப் பல்லின் பின்புறத்தையும் தின்றிருந்தது. அதாவது, 22 வயதில் ஒரு பல்லைக் கொடுத்துத் தப்பியிருக்கக் கூடியவர், 32 வயதில் இரண்டு பற்களை இழக்கும் நிலைக்கு வந்து நின்றார். இந்த அனுபவத்தைக் கண்ட பிரிட்டனின் நிபுணர்கள், எடுக்காதே என்ற பொதுக் கட்டளையை விட, அவரவர் வாயின் நிலைமையைப் பார்த்து ஆளுக்கு ஆள் தீர்மானிப்பதே சரி என்ற பக்கம் இப்போது சாய்ந்திருக்கிறார்கள்.

இது எவ்வாறு நேர்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் முழு விஷயமும் இதில் அடங்கியிருக்கிறது. கீழ்த்தாடையின் ஞானப் பல், நேராக மேலே வராமல் முன்புறம் சாய்ந்து, பக்கத்து வீட்டுச் சுவரில் சாய்ந்த தென்னையைப் போல இரண்டாம் கடைவாய்ப் பல்லின் கழுத்தில் போய்ச் சாய்ந்துகொள்கிறது. அதன் தலையில் ஒரு மூலை மட்டும் ஈறைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிகிறது. முழுவதும் எலும்புக்குள் புதைந்திருக்கும் பல்லுக்குக் கிருமி எளிதில் எட்டாது; முழுவதும் வெளிவந்து நிமிர்ந்து நிற்கும் பல்லைப் பிரஷ் எட்டும்; இந்த இரண்டுக்கும் நடுவே அரைகுறையாக நிற்கும் பல்லுக்கோ கிருமியும் எட்டுகிறது, பிரஷும் எட்டுவதில்லை. இரு பற்களும் முட்டும் அந்த இடுக்கில் உணவுத் துணுக்குகள் தங்குகின்றன. பல்லின் கழுத்துப் பகுதியில் எனாமல் கவசம் மெலிந்து முடிந்துவிடுவதால், அங்கே தொடங்கும் சொத்தை விரைவில் ஆழப்படுகிறது. இத்தனையும் ஒரு துளி வலியுமில்லாமல் வருஷக்கணக்கில் நடக்கக்கூடும். வலி என்று ஒன்று வரும்போது சொத்தை நரம்பைத் தொட்டிருக்கும்.

ஆகையால், வலி இல்லை என்பதும் நோய் இல்லை என்பதும் ஒன்றல்ல. எடுக்கலாமா கூடாதா என்று வாதாடும் இரு கட்சியாரும் இந்த வித்தியாசத்தைக் கவனியாமல் விடும்போதுதான் குழப்பம் மிகுகிறது. வலியும் இல்லாமல், படத்திலும் பரிசோதனையிலும் நோயும் இல்லாமல் இருக்கும் பல்லை முன்கூட்டியே எடுப்பதால் நன்மையா தீமையா என்று உலக ஆராய்ச்சிகளையெல்லாம் சலித்துப் பார்த்த காக்ரேன் ஆய்வுக் குழு, 2020ல் வெளியிட்ட தன் அறிக்கையில் கணக்கில் கொள்ளத்தக்கதாகக் கண்டது இரண்டே ஆராய்ச்சிகள். எடுக்கச் சொல்லவும் வேண்டாமென்று சொல்லவும் போதிய பிரமாணம் இல்லை என்பதே அதன் முடிவு. பிரமாணம் இல்லாத இடத்தில் கத்தியை எடுப்பவர்தான் காரணம் காட்டக் கடமைப்பட்டவர் என்று நான் நினைக்கிறேன். ஆரோக்கியமான உறுப்பை விட்டுவைப்பதற்கு யாரும் நியாயம் கற்பிக்க வேண்டியதில்லை.

காரணம் என்று சொல்லப்படுபவற்றுள் மிகவும் பரவலானது, ஞானப் பல் முன்னே தள்ளி வரிசைப் பற்களைக் கோணலாக்கிவிடும் என்பது. ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பல்லுக்கு க்ளிப் போட்ட குடும்பங்களில் இந்தப் பயம் இன்னும் அதிகம். பிரிட்டனில் 164 இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு, சிலருக்கு எடுத்தும் சிலருக்கு எடுக்காமலும் ஒப்பிட்டுப் பார்த்த பரிசோதனை 1998ல் வெளிவந்தது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் 77 பேரையே மறுபடி பார்க்க முடிந்ததென்பது அதன் குறை; ஆயினும் கீழ்முன்பற்களின் நெருக்கத்தைத் தடுப்பதற்காக ஞானப் பல்லை எடுப்பதற்கு நியாயமில்லை என்பதே அதில் கிடைத்த விடை. ஞானப் பல்லே இல்லாதவர்களுக்கும் வயது ஏற ஏற முன்பற்கள் நெருங்குகின்றன. நம்மிடையே இதற்கு எதிர்ப்பக்கத்திலும் ஒரு வீண் பயம் உண்டு: மேல்பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை மங்கும் என்பது. பல்லுக்குப் போகும் நரம்பும் பார்வைக்குரிய நரம்பும் வெவ்வேறு. இந்தப் பயத்தால் சீழ்பிடித்த பல்லோடு காலம் தள்ளும் முதியவர்கள் கிராமங்களில் இன்றும் இருக்கிறார்கள்.

சீக்கிரம் எடுப்பதற்கு ஆதரவான வாதங்களில் வலுவானது ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. 18, 20 பிராயத்தில் வேர்கள் முழுவதும் வளர்ந்து முடிவதில்லை. தாடை எலும்பும் இளகலாக இருக்கிறது. புண்ணும் விரைவில் ஆறுகிறது. வயது ஏற ஏற வேர் நீண்டு, எலும்பு இறுகி, வேலை கடினமாகிறது. 30ஐக் கடந்தவர்களுக்கு வீக்கமும் வலியும் அதிக நாள் நீடிக்கின்றன. ஆனால் இந்த வாதம் எந்தக் கேள்விக்கு விடை என்பதைக் கவனிக்க வேண்டும். எடுத்தே தீர வேண்டிய பல்லை எப்போது எடுப்பது என்று கேட்டால், சீக்கிரம் எடு என்பது சரியான விடை. எடுக்கத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு அது விடையே அல்ல. என்றைக்குமே தொந்தரவு தராமல் இருந்திருக்கக்கூடிய பல்லை, பின்னால் கஷ்டம் என்ற பயத்தால் இன்றே எடுப்பவருக்கு, பின்னால் வராமலே போயிருக்கக்கூடிய கஷ்டம் இன்றைக்கே நிச்சயமாக வந்து சேருகிறது.

அந்தக் கஷ்டம் பலருக்கு ஒரு வாரத்துச் சமாசாரம்: இரண்டாம் மூன்றாம் நாள் உச்சத்தை எட்டும் வீக்கம், வாய் திறக்க முடியாமை, கஞ்சியும் மோருமாகச் சில வேளைகள். சிலருக்கு, பிடுங்கிய குழியில் உறைந்த இரத்தம் கழன்றுபோய் எலும்பு வெளிப்பட்டு, மூன்றாம் நாள்வாக்கில் காதுவரை தெறிக்கும் வலி உண்டாகும். புகைபிடிப்பவர்களுக்கு இது அதிகம். இவையெல்லாம் ஆறிவிடும். ஆறாமல் போகக்கூடியது நரம்புச் சேதம். கீழ்த்தாடை எலும்பின் உள்ளே ஓடும் நரம்பு, கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சியைக் கொடுப்பது. சில வாய்களில் ஞானப் பல்லின் வேர் அதைத் தொட்டுக்கொண்டே நிற்கிறது. இன்னொரு நரம்பு தாடையின் உட்புறமாக நாக்குக்குப் போகிறது. ருசியை அறியும் இழைகளும் அதனோடு சேர்ந்து செல்கின்றன. இவை நிரந்தரமாகக் கெடுவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. முகம் கோணாது, அசைவு கெடாது, உணர்ச்சிதான் மரத்துப்போகும். ஆனால் நாகஸ்வரத்தின் சீவாளியை உதட்டின் உணர்ச்சியாலேயே ஆளும் வித்வானுக்கு அந்த உணர்ச்சிதான் ஜீவனம். பாடுகிறவருக்கும், ருசி பார்த்துச் சமைத்துப் பிழைப்பவருக்கும் அவ்வாறே. நரம்போடு வேர் ஒட்டியிருப்பது படத்தில் தெரிந்தால், முப்பரிமாணத்தில் காட்டும் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, பல்லின் தலையை மட்டும் வெட்டியெடுத்து வேர்களை எலும்புக்குள்ளேயே விட்டுவிடும் முறையும் உண்டு. இதைப் பற்றிக் கேட்டால் நல்ல வைத்தியர் மகிழ்ச்சியுடன் விளக்குவார்.

நான்கையும் ஒருசேர எடுத்துவிடலாம் என்ற பேச்சைத்தான் நான் எல்லாவற்றிலும் அதிகமாக ஆட்சேபிக்கிறேன். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றல்ல. வலப்புறமும் இடப்புறமும் ஒன்றல்ல. இடது கீழ்ப்பல் சாய்ந்து அண்டைப் பல்லை அரித்துக்கொண்டிருக்கும்போது, வலது கீழ்ப்பல் நிமிர்ந்து நின்று மெல்லுவதற்கு உதவிக்கொண்டிருக்கலாம். கீழ்ப்பல்லை எடுத்த பிறகு எதிர்ப்பல் இன்றி மேல்பல் இறங்கி வந்து ஈறைக் கடிக்கும் என்பதனால் அதையும் சேர்த்து எடுப்பது சில சமயம் நியாயமே. ஆனால் அதையும் அந்தப் பல்லைப் பார்த்தே சொல்ல வேண்டும். ஆறு வயதில் முளைக்கும் முதல் கடைவாய்ப் பல்லைச் சொத்தைக்குப் பலிகொடுத்த பிள்ளைகள் நம் நாட்டில் ஏராளம். அத்தகைய வாயில் பின்பற்கள் முன்னே நகர்ந்து ஞானப் பல்லுக்கு இடம் கிடைத்து, அது நெடுங்காலம் உழைப்பதும் உண்டு. அதைப் பெயர்த்து இழந்த பல்லின் இடத்தில் நடும் சிகிச்சையும் நிபுணர்கள் செய்கிறார்கள்.

அமெரிக்காவின் அவசரத்தைக் கண்டிக்கும்போது, நம்மிடமுள்ள தாமதத்தையும் கண்டிக்க வேண்டும்; எண்ணிக்கையில் பார்த்தால் இதுவே நம் பெரிய குறை என்று நம்புகிறேன். கடைவாயில் ஈறு வீங்கி வாய் திறக்க முடியாமற்போனவர், தெருமுனை மெடிக்கல் கடையில் சொல்லி, ஆன்டிபயாடிக் மாத்திரைகள் நாலைந்து வாங்கி விழுங்குகிறார், கிராம்புத் தைலம் தடவுகிறார், வீக்கம் வடிகிறது, மறந்துவிடுகிறார். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் அதே கடை, அதே மாத்திரை. கிருமிக்கு மருந்தைத் தாங்கும் பழக்கம் உண்டாவதைத் தவிர இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஏனென்றால் கிருமி தங்கும் இடுக்கு அப்படியே இருக்கிறது. கீழ்த்தாடையின் கடைசிப் பற்களிலிருந்து சீழ் நாக்கின் அடிப்புறத்துக்கும் கழுத்துக்கும் இறங்கி மூச்சை அடைக்கும் பயங்கரமான நோயை, ஜெர்மானிய வைத்தியர் லூத்விக் 1836லேயே வர்ணித்தார்; இன்றும் அந்நோயோடு, முக்கியமாகச் சர்க்கரை வியாதிக்காரர்கள், ஆஸ்பத்திரிகளுக்கு நள்ளிரவில் தூக்கி வரப்படுகிறார்கள். இரண்டாம் முறை வீங்கிய ஞானப் பல்லுக்கு மூன்றாம் முறை மாத்திரை கேட்காமல் பல் வைத்தியரிடம் போகும்படி மருந்துக் கடைக்காரர்களே சொல்லி அனுப்பினால் அது பெரும் புண்ணியம்.

அயல்நாடு போகும் மாணவர்களின் விஷயத்துக்கு வருகிறேன். பல் சாய்ந்திருந்தோ, அரைகுறையாக முளைத்து ஒரு தடவை வீங்கியிருந்தோ, அண்டைப் பல்லில் சொத்தையின் நிழல் தெரிந்தோ இருந்தால், எடுத்துக்கொண்டு போவதே உசிதம். மாதக்கணக்கில் வைத்தியர் கிடைக்காத கப்பல் உத்தியோகத்துக்குப் போகிறவர்களுக்கும் இதே விதி. கர்ப்ப காலத்தில் ஈறு வீக்கம் மிகும், அப்போது சஸ்திர சிகிச்சையை ஒத்திப்போட நேரிடும் என்பதால், ஏற்கெனவே தொந்தரவு தந்த பல்லைப் பெண்கள் முன்னதாகவே கவனித்துக்கொள்வதும் நல்லது. ஆனால் இதைப் பயணத்துக்கு முந்தின வாரத்தில் செய்யக் கூடாது. குழி ஆறவும், உதடு மரத்திருந்தால் அது மீளுகிறதா என்று வைத்தியர் பார்க்கவும் அவகாசம் வேண்டும். இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே படம் எடுத்துவிட வேண்டும். நோயேதும் காணாத பல்லை, பயணத்தைக் காரணமாக்கி எடுக்க வேண்டாம்.

இன்னொன்று, பெற்றோர்க்கு. 18 வயது நிறைந்தவருடைய சிகிச்சைக்குச் சம்மதக் கையெழுத்து அவருடையது. மரத்துப்போனால் மரத்துப்போவது அவருடைய உதடு. எக்ஸ்ரேயை விளக்கும்போது தகப்பனாரும் தாயாரும் பேசி முடிவுசெய்ய, உரியவர் மூலையில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பது முறையல்ல. எந்தப் பல்லில் இன்று என்ன நோய் இருக்கிறது, வேர் நரம்புக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது, ஓராண்டு பொறுத்தால் என்ன நேரும் என்று அந்த இளைஞனோ யுவதியோ தாமே வாய் திறந்து கேட்கட்டும். பொறுமையாகப் பதில் சொல்லாத இடத்தில் பல்லைக் கொடுக்க வேண்டியதில்லை. வேறொரு வைத்தியரிடம் அதே படத்தைக் காட்டி அபிப்பிராயம் கேட்பது யாருக்கும் அவமரியாதை ஆகாது. பல்லை வைத்துக்கொள்வதென்று தீர்மானித்தால், அத்தோடு கடமை தீர்ந்துவிடுவதில்லை: ஆண்டுக்கொரு முறை வைத்தியர் அந்த இடுக்கைப் பார்க்க வேண்டும், அவர் சொல்லும் இடைவெளியில் மறுபடி படமும் எடுக்க வேண்டும். படத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை; ஒரு ஓ.பி.ஜி. படத்தால் உடம்பில் படும் கதிர்வீச்சு, இயற்கையாகவே சில நாட்களில் நம் மீது படுகிற அளவுதான். ஆகவே பல்லோடு வீடு திரும்புகிறவர்கள், அடுத்த பரிசோதனை எப்போது என்று கேட்டு, அந்தத் தேதியையும் எழுதி வாங்கிக்கொண்டு திரும்புங்கள்.